ஐந்து தோட்டா, ரெண்டு அங்குலம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன மாதம் இந்தப் பகுதியில் வேறொரு பதிலுக்கு நடுவே, ரெண்டு அங்குலக் குழல் ரிவால்வரை வைத்தும் ரேஞ்சில் (சுட்டுப் பழகும் கூடம்) ஒழுங்காகக் குறி பழகலாம் என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த வரிக்கு வந்த கேள்விகளே இந்த மாதப் பக்கத்தை நிரப்பிவிட்டன. அமெரிக்காவில் இந்த ரகத்துக்கு ஸ்னப்நோஸ் என்று பெயர், சப்பை மூக்கு என்று அர்த்தம். இங்கே குட்டைக்குழல் என்றே எழுதுகிறேன்.

எஸ்.கே., பிளேனோ, டெக்சஸ்:
அண்ணா, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 வாங்கி மூன்று மாதம் ஆகிறது. ரேஞ்சில் 25 கஜத்தில் தாளை மாட்டி ஒரு பெட்டி, ஐம்பது தோட்டா, சுட்டேன். தாளில் பட்டது பதினொன்றுதான். கூட வந்த நண்பர் "குழல் குட்டை, குறி நிற்காது, விற்றுவிட்டு நீளமானதாக வாங்கு" என்கிறார். விற்றுவிடவா?

விற்க வேண்டாம் தம்பி. குழல் குட்டையாக இருப்பதால் குண்டு கோணலாகப் போகும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், அது சரியில்லை. ரெண்டு அங்குலக் குழலுக்குள்ளும் குண்டைச் சுழலவிட்டு நேராக அனுப்புகிற அதே முறுக்கு வரிகள்தான் இருக்கின்றன, போவதும் அதே குண்டுதான். உங்கள் 642-ஐ அசையாத தாங்கியில் இறுக்கிப் பூட்டி, நல்ல தோட்டாவாகப் போட்டு 25 கஜத்தில் சுட்டால் ஐந்தும் ஒரு உள்ளங்கை அகலத்துக்குள் விழும். அப்புறம் ஏன் தாளையே தாண்டிப் போகிறது? ரெண்டு காரணம் உண்டு, ரெண்டுமே கை சம்பந்தப்பட்டவை.

ஒன்று, குழல் மேல் குறி பார்க்க வைத்திருக்கிற முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவே இருக்கிற இடைவெளி. உங்கள் துப்பாக்கியில் அது சுமார் நாலு அங்குலம், ஆறு அங்குலக் குழல் உள்ள ரிவால்வரில் சுமார் எட்டு. முன் சைட் ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு அங்குல இடைவெளியில் அந்த ஒரு மில்லிமீட்டர், 7 கஜத்தில் ரெண்டரை அங்குலமாக வளர்கிறது, 25 கஜத்தில் ஒன்பது அங்குலம். எட்டு அங்குல இடைவெளியில் அதே தப்பு அதில் பாதிதான். நீளத் துப்பாக்கியிலும் உங்கள் கை இதே அளவு அசைகிறது, ஆனால் தாளில் பாதிதான் தெரிகிறது.

ரெண்டாவது காரணம்தான் பெரியது. உங்கள் 642-இன் எடை சுமார் 415 கிராம். அதன் ட்ரிகரை இழுக்க வேண்டிய கனம் ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம் கூட. அதாவது ஒரு பொருளை, அதன் எடையைப் போல பன்னிரண்டு மடங்கு விசையால் ஒரு விரல் பின்னுக்கு இழுக்கிறது, அந்த நேரத்தில் அந்தப் பொருள் ஒரு மில்லிமீட்டர்கூட அசையக் கூடாது என்றும் எதிர்பார்க்கிறோம். 642-இல் ஹேமர், அதாவது தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கிற சுத்தி, உள்ளே மறைந்திருப்பதால் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து வைத்துக்கொண்டு லேசான இழுவையில் சுடவும் வழியில்லை. ஐந்து தடவையும் முழு இழுவைதான்.

நானும் ஆரம்பத்தில் உங்களைப் போலத்தான் தூரத்தில் மாட்டிக்கொண்டு ஒரு பெட்டியைக் காலி செய்தேன். பக்கத்து லேனில் இருந்த வயதான ஒரு அமெரிக்கர், நான் அனுமதி கொடுத்த பிறகு, என் தாளை 3 கஜத்துக்கு இழுத்துவிட்டார். துப்பாக்கியைக் காலி செய்யச் சொல்லி, தோட்டா நிற்கிற சுழல் உருளையான சிலிண்டரின் ஒவ்வொரு அறையையும் தானும் பார்த்து, சிலிண்டருக்கு மேலே போகிற தட்டையான பட்டையின் மேல் டைம் எனப்படும் பத்து சென்ட் காசு ஒன்றை வைத்தார். "காசு விழாமல் ட்ரிகரை இழு" என்றார். முதல் தடவை இழுவை பாதிகூடப் போகவில்லை, காசு மேஜையில் உருண்டது. பத்துப் பதினைந்து தடவைக்குப் பிறகுதான் ஹேமர் விழுந்த பிறகும் காசு அங்கேயே இருந்தது. அதன் பிறகு தோட்டா போட்டுச் சுட்ட ஐந்தும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு ஒரே ஓட்டையாக விழுந்தன. துப்பாக்கி அதேதான், கையும் அதேதான்.

ஆகவே தூரத்தைக் குறையுங்கள். 3 கஜத்தில் ஆரம்பியுங்கள். டாலர் கடையில் கிடைக்கும் ஒன்பது அங்குலக் காகிதத் தட்டு போதும், நடுவில் ஒரு ரூபாய் அளவுக்குக் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். ஐந்தும் முஷ்டி அளவுக்குள் விழுகிற வரை பின்னால் போகாதீர்கள். அப்புறம் 5, அப்புறம் 7, அப்புறம் 10. 25 கஜம் வரும், நிச்சயம் வரும், ஆனால் சில மாதம் ஆகும். ட்ரிகரை இழுக்கும்போது நடுவில் நிறுத்தி, குறியைச் சரிபார்த்து, மிச்சத்தைப் பட்டென்று இழுக்கிற பழக்கம் சிலருக்கு உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தக் கடைசிப் பட்டென்ற இழுப்பில்தான் குறி போகிறது. கிணற்றில் கயிறு இழுப்பதுபோல, வேகம் மாறாமல் ஒரே இழுவை. சுட்ட பிறகு ட்ரிகரை முழுக்க முன்னுக்கு விடுங்கள். பாதியில் மறுபடி இழுத்தால் சிலிண்டர் திரும்பி ஒரு அறையைத் தாண்டிப்போகும், அல்லது ட்ரிகரே சிக்கிக்கொள்ளும்.

ஒரு வாசகி, ஹூஸ்டன்:
என் கணவர் பிறந்தநாளுக்கு ஒரு ரிவால்வர் வாங்கித் தந்தார். கடைக்காரர் "பெண்களுக்கு ஏற்றது, கைப்பையில் வைத்தால் கனமே தெரியாது" என்றாராம். உண்மைதான், எடையே இல்லை. ஆனால் ரேஞ்சில் ஐந்து தோட்டா சுட்டதும் கட்டைவிரல் அடியில் கன்றிப்போய்விட்டது. இனிமேல் அதைத் தொடவே பயமாக இருக்கிறது. எனக்கு இது சரிப்படாதா?

அம்மா, உங்களுக்குச் சரிப்படும். உங்களுக்குக் கொடுத்த துப்பாக்கியும் தோட்டாவும்தான் சரியில்லை. இந்த விஷயத்தில் எனக்குக் கோபமே வரும். புதிதாகப் பழக வருகிற பெண்களின் கையில் கடையிலேயே லேசானதை, குட்டையானதைக் கொடுத்து அனுப்புகிறார்கள். எடை குறைந்தால் தூக்க லேசு, சுடக் கடினம். தோட்டா ஒன்றேதான், அதன் உதையை வாங்கிக்கொள்ள இரும்பு குறைவாக இருந்தால் மிச்சம் முழுக்க உங்கள் கைக்கு வருகிறது. முந்நூற்றுச் சொச்சம் கிராமே எடையுள்ள ரிவால்வரில் .357 மேக்னம் தோட்டா போட்டுச் சுட்டால், வருடக்கணக்காகச் சுடுகிறவர்கள்கூட ஐந்தோடு நிறுத்திக்கொள்வார்கள்.

முதலில் துப்பாக்கியின் குழல் பக்கவாட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். .357 மேக்னம் என்று இருந்தால், அதில் .38 ஸ்பெஷல் தோட்டாவையும் போடலாம். தோட்டாவின் உறை கொஞ்சம் குட்டை, மற்றபடி பொருந்தும். ஆனால் .38 என்று எழுதிய துப்பாக்கியில் .357 போடக் கூடாது, நுழைக்க முயலவும் கூடாது. .38 ஸ்பெஷலிலும் 148 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) வாட்கட்டர் என்று கேட்டு வாங்குங்கள். குண்டின் முனை தட்டையாக, உறைக்குள்ளேயே அமிழ்ந்து இருக்கும். ரேஞ்சில் குறி பழகுவதற்கென்றே செய்தது. மெதுவாகப் போகும், உதை குறைவு, தாளில் பஞ்சிங் மெஷினில் குத்தியதுபோல வட்டமாக ஓட்டை போடும், எங்கே பட்டது என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியதில்லை.

அப்புறம் கைப்பிடி. இந்த ரகத்தோடு வருகிற சின்னக் கைப்பிடி பாக்கெட்டில் ஒளிப்பதற்காகச் செய்தது. சுண்டுவிரலுக்கு அதில் இடமே இருக்காது. மூன்று விரலும் அமர்கிற, பின்பக்கத்தையும் மூடுகிற ரப்பர் கைப்பிடி வாங்கி மாட்டுங்கள், ஒரு ஸ்க்ரூதான், வீட்டிலேயே மாற்றலாம். கையை எவ்வளவு மேலே வைக்க முடியுமோ அவ்வளவு மேலே வைத்துப் பிடியுங்கள். தாழ்த்திப் பிடித்தால் ஒவ்வொரு தடவையும் குழல் மேலே துள்ளி, கைப்பிடி கட்டைவிரல் அடியில் இடிக்கும். உங்களுக்குக் கன்றியது அதனால்தான் என்று நினைக்கிறேன். இடது கைக் கட்டைவிரல் சிலிண்டரின் முன்பக்கத்துக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே இருக்கிற மெல்லிய இடைவெளியில் ஒவ்வொரு தடவையும் நெருப்பும் ஈயத் துகளும் பீறிடும், விரல் இருந்தால் கிழித்துவிடும்.

முடிந்தால் உங்கள் ரேஞ்சில் வாடகைக்கு எஃகு உடல் ரிவால்வர் ஒன்று எடுத்துப் பாருங்கள். ரூகர் எஸ்பி101 போன்றது முக்கால் கிலோவை நெருங்கும். .22 தோட்டாவில் வருகிற ரூகர் எல்சிஆர் கிடைத்தால் இன்னும் நல்லது, எட்டுத் தோட்டா பிடிக்கும், உதை என்று சொல்ல ஒன்றுமில்லை. அதில் ரெண்டு மாதம் பழகிவிட்டு உங்கள் துப்பாக்கிக்கு வாருங்கள். ஒரு நாளைக்கு முப்பது தோட்டாவுக்கு மேல் வேண்டாம். கை வலிக்க ஆரம்பித்த பிறகு சுடுகிற ஒவ்வொன்றும், கண்ணை மூடிக்கொண்டு உதறுவதற்குத்தான் பழக்குகிறது.

பெயர் வேண்டாம், ஆஸ்டின்:
எச்-1பி விசாவில் இருக்கிறேன். துப்பாக்கி வாங்கும் எண்ணம் இல்லை. கிரீன் கார்டு வைத்திருக்கும் நண்பர் தன் ரிவால்வரில் ரேஞ்சில் சும்மா பத்துத் தோட்டா சுடக் கூப்பிடுகிறார். ஊரிலிருந்து அப்பாவும் வந்திருக்கிறார், ராணுவத்தில் இருந்தவர், அவரையும் கூட்டிப்போக ஆசை. தப்பில்லையே?

இதைக் கேட்டதற்கு நன்றி. போகாதீர்கள், அப்பாவையும் சுட வைக்காதீர்கள். அமெரிக்க மத்தியச் சட்டப்படி, குடியேற்றம் அல்லாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1, அப்பாவின் விசிட்டர் விசா எல்லாமே இதில் அடங்கும். வைத்திருப்பது என்றால் சொந்தமாக வாங்குவது மட்டும் இல்லை. ரேஞ்சில் ஐந்து நிமிடம் கையில் பிடித்தாலும் அது அந்தச் சொல்லுக்குள் வந்துவிடும். 2022-இல் திருத்திய பிறகு இதற்கு அதிகபட்சத் தண்டனை 15 வருடச் சிறை. அது போக, விசாவும் பின்னால் வரவிருக்கும் கிரீன் கார்டும் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தெரிந்தே துப்பாக்கியைக் கொடுத்த உங்கள் நண்பரும் மாட்டுவார்.

விதிவிலக்கு உண்டு. ஏதாவது ஒரு மாநிலம் முறைப்படி கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருந்தால் அந்தத் தடை பொருந்தாது. நம் ஆட்கள் பலர் அப்படி உரிமம் எடுத்துத்தான் ரேஞ்சுக்குப் போகிறார்கள். ஆனால் அதை நான் எழுதினேன் என்பதற்காக மட்டும் கிளம்பிவிடாதீர்கள், உங்கள் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு தடவை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். ரேஞ்ச் கவுன்டரில் கையெழுத்துப் போடச் சொல்லும் தாளில் இந்தக் கேள்வி இருந்தால், படிக்காமல் "இல்லை" என்று டிக் அடித்துவிடாதீர்கள். அப்பாவுக்குத் துப்பாக்கியில் ஆர்வம் என்றால் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம், பெரும்பாலான ரேஞ்சுகளில் பார்வையாளருக்கு இடம் உண்டு.

டி.ஆர்., ஸ்கார்பரோ, கனடா:
கனடாவில் இந்த ரகம் வாங்க என்ன லைசென்ஸ் வேண்டும்?

வாங்க முடியாது. கனடாவில் குழல் 105 மில்லிமீட்டர் அல்லது அதற்குக் குறைவாக இருக்கும் கைத்துப்பாக்கி தடைசெய்யப்பட்ட பிரிவில் வருகிறது. குட்டைக்குழல் ரிவால்வர் அதில் பாதியைத்தான் தொடும். அது போக 2022 அக்டோபர் 21 முதல் தனியாட்கள் கைத்துப்பாக்கி வாங்குவது விற்பதே நாடு முழுக்க நிறுத்தப்பட்டுவிட்டது. இதே கேள்வியை லண்டனிலிருந்தும் ஒருவர் கேட்டிருக்கிறார். 1996-இல் டன்பிளேன் பள்ளியில் குழந்தைகள் கொல்லப்பட்ட பிறகு, 1997-இல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றிலும் கைத்துப்பாக்கியைத் தடைசெய்தார்கள். இந்தப் பக்கத்தில் நான் எழுதுவது அமெரிக்க ரேஞ்சுகளில் சட்டப்படி சுடுகிறவர்களுக்கு மட்டும்.

வி.எம்., ராலே, நார்த் கரோலினா:
தோட்டா விலை கட்டுப்படியாகவில்லை சார். வீட்டிலேயே பழக வழி இருக்கிறதா?

இருக்கிறது, செலவே இல்லை. தோட்டா இல்லாமல் ட்ரிகரை இழுத்துப் பழகுவது, இங்கே டிரை ஃபயர் என்பார்கள். குட்டைக்குழலுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. மேலே சொன்ன காசுப் பயிற்சியும் இதில்தான் சேரும்.

ஆனால் முறையாகச் செய்யுங்கள். தோட்டா எல்லாவற்றையும் வேறொரு அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வாருங்கள். சிலிண்டரைத் திறந்து கண்ணால் எண்ணுங்கள், அப்புறம் விரல் நுனியை ஒவ்வொரு அறையிலும் விட்டுத் தடவிப் பாருங்கள். பின்னால் செங்கல் சுவரோ புத்தக அலமாரியோ இருக்கிற திசையாகப் பார்த்து நில்லுங்கள், ஜிப்சம் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் தூங்கும் அறை இருந்தால் அந்தத் திசையே வேண்டாம். பத்து நிமிடம் போதும். முடித்ததும் முடித்ததுதான். "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று திரும்பி வந்தபோதுதான் தோட்டா உள்ளே இருந்திருக்கிறது, அப்படித்தான் பலர் வீட்டுச் சுவரில் ஓட்டை விழுந்திருக்கிறது. ஸ்னாப் கேப் என்று போலித் தோட்டா கிடைக்கும், அதைப் போட்டுக்கொள்வது நல்லது. .22 ரகமாக இருந்தால் வெறும் சிலிண்டரில் அடிக்கலாமா என்று கையேட்டைப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள், பல மாடல்களில் கூடாது.

ரேஞ்சில் செய்ய ஒன்று. ரிவால்வர் மட்டுமே தருகிற வசதி இது. ஐந்து அறையில் மூன்றில் தோட்டாவும் ரெண்டில் சுட்ட காலி உறையும் போட்டு, பார்க்காமல் சிலிண்டரைச் சுற்றி மூடுங்கள். எது எப்போது வரும் என்று உங்களுக்குத் தெரியாது. காலி உறை மேல் ஹேமர் விழும்போது சத்தம் வராது, ஆனால் குழல் மூக்கு கீழே குனியும், அதை நீங்களே பார்ப்பீர்கள். உதை வரப்போகிறது என்று கை முன்கூட்டியே அழுத்துகிறது, அவ்வளவுதான். ஒருமுறை எங்கள் குழுவில் பழக வந்த ஒரு பெண்மணிக்கு, சைட் இடது கீழ்ப்பக்கம் ஒரு அங்குலம் இறங்கியது. அதற்கு முன் சுட்ட குண்டுகள் எல்லாம் தாளில் இடது கீழ்ப்பக்கம்தான் கூடியிருந்தன. அவர் ரெண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மறுபடி சிலிண்டரைச் சுற்றினார். நாலாவது சுற்றில் மூக்கு அசையவில்லை.

எஸ்.பி., அட்லாண்டா:
என் ரிவால்வரில் சைட்டை நகர்த்த முடியாது. 110 கிரெய்ன் தோட்டா போட்டால் குறிக்கு ரெண்டு மூன்று அங்குலம் கீழே அடிக்கிறது. அரத்தால் முன் சைட்டை ராவிவிடலாமா?

அரத்தைக் கீழே வையுங்கள். முதலில் 158 கிரெய்ன் தோட்டா ஒரு பெட்டி வாங்கிப் பாருங்கள். .38-இல் நெடுங்காலமாக வழக்கத்தில் இருந்த எடை அது, நகராத சைட் வைத்த பெரும்பாலான .38 ரிவால்வர்களில் சைட் உயரத்தை அதற்குத்தான் பொருத்தியிருப்பார்கள். குண்டு குழலுக்குள் இருக்கும்போதே உதை தொடங்கி மூக்கு மேலே எழ ஆரம்பித்துவிடுகிறது. கனமான குண்டு மெதுவாகப் போவதால் குழலுக்குள் கொஞ்சம் அதிக நேரம் இருக்கிறது, மூக்கு அதிகம் எழுந்த பிறகு வெளியேறுகிறது, அதனால் மேலே படுகிறது. லேசான குண்டு வேகமாக ஓடிவிடுவதால் கீழே படுகிறது. கேட்கும்போது தலைகீழாகத்தான் தோன்றும், ஒரே நாளில் ரெண்டு வகையும் சுட்டுப் பார்த்தால் தாளே காட்டிவிடும். இதற்கும் சரியாகாமல் போனால், அனுபவமுள்ள துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுங்கள். ராவியதை மறுபடி வளர்க்க முடியாது.

எம்.ஜி., சான் ஹோசே:
சுட்ட பிறகு காலி உறைகள் முழுசாக வெளியே விழுவதில்லை, ரெண்டு மூன்று தொங்கிக்கொண்டே நிற்கின்றன. துப்பாக்கியில் குறையா?

குறை இல்லை. குழல் குட்டை என்பதால் அதன் அடியில் இருக்கிற தள்ளுகம்பியும் குட்டை, உறையின் முழு நீளத்துக்கும் தள்ள அதற்கு எட்டாது. மூக்கை நேராக மேலே வானத்தைப் பார்க்க நிமிர்த்தி, உள்ளங்கையால் கம்பியை ஒரே அடி, ஓங்கி அடியுங்கள். மெதுவாக அழுத்தினால் தொங்கும். மூக்கு மேலே இருப்பது இன்னொன்றுக்கும் உதவும். எரியாத வெடிமருந்துத் துகள், உறையைப் பிடித்துத் தள்ளுகிற நட்சத்திரத் தகட்டுக்கு அடியில் போய் உட்காராமல் கீழே கொட்டிவிடும். அங்கே நாலு துகள் சிக்கினாலே சிலிண்டர் மூட மறுக்கும். பழைய டூத்பிரஷ் ஒன்றைப் பையில் போட்டு வையுங்கள்.

சுடும்போது "டப்" என்று வராமல் "புஸ்" என்று சத்தம் வந்து உதையும் இல்லாமல் இருந்தால், அடுத்ததை இழுக்கவே இழுக்காதீர்கள். குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம், பின்னால் இன்னொன்று போனால் குழல் வெடிக்கும். ஹேமர் விழுந்து ஒன்றுமே நடக்கவில்லை என்றால் மூக்கை இலக்குப் பக்கமே வைத்து முப்பது விநாடி காத்திருங்கள், தாமதமாக வெடிப்பது உண்டு. லேசான ரிவால்வரில் இன்னொரு தொல்லை, உதையின் குலுக்கலில் சுடாத தோட்டாவின் குண்டு உறையிலிருந்து மெல்ல முன்னால் நகர்ந்து வந்து சிலிண்டரைச் சுற்ற விடாமல் தடுக்கும். நாலு சுட்டதும் ஐந்தாவதை எடுத்துப் பாருங்கள், நீளம் கூடியிருந்தால் அந்தத் தோட்டா உங்கள் துப்பாக்கிக்கு வேண்டாம்.

ஜே., சிகாகோ:
காதில் பஞ்சு மாதிரி வைத்துக்கொள்கிற அடைப்பான் மட்டும் போதுமா?

மூடிய ரேஞ்சில் போதாது. 140 டெசிபலைத் தாண்டும் வெடிச்சத்தம் ஒரே தடவையில் காதைக் கெடுக்கும், .38 ரிவால்வர் 150-ஐத் தாண்டும். குழல் குட்டையானால் சத்தமும் முகத்துக்குப் பக்கத்தில், நெருப்பும் அதிகம். உள்ளே அடைப்பான், மேலே இயர்மஃப், ரெண்டும் போடுங்கள். வெளியே வந்ததும் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கை, முகம் கழுவுங்கள், கையெல்லாம் ஈயம். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் சட்டையை மாற்றிவிட்டுத் தூக்குங்கள்.

எல்.என்., மினியாபொலிஸ்:
இவ்வளவு குட்டையாகச் செய்ய வேண்டும் என்று முதலில் யாருக்குத் தோன்றியது?

வெகு காலம் முன்பே தோன்றிவிட்டது. 1872-இலேயே இங்கிலாந்தில் வெப்லி நிறுவனம் பிரிட்டிஷ் புல்டாக் என்று ரெண்டரை அங்குலக் குழல் ரிவால்வர் செய்தது. இன்றைக்கு நாம் பார்க்கிற வடிவம் அமெரிக்காவில் உருவானது. கோல்ட் நிறுவனத்தில் வேலை பார்த்த ஜே. ஹென்றி ஃபிட்ஸ்ஜெரால்ட், பெரிய ரிவால்வர்களின் குழலை வெட்டி, ஹேமர் கொம்பைச் சீவி, ட்ரிகர் வளையத்தின் முன்பாதியையே அறுத்துவிட்டுத் தயாரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். வளையம் இல்லாத ட்ரிகர் எனக்குப் பிடித்த விஷயம் இல்லை, ஆனால் அந்தக் காலத்தில் அதற்கு மவுசு இருந்தது. 1927-இல் கோல்ட், வளையத்தை முழுசாகவே வைத்து, ஆறு தோட்டா .38 ஸ்பெஷலில் டிடெக்டிவ் ஸ்பெஷலைக் கொண்டுவந்தது. பெயரிலேயே இருப்பதுபோல, சீருடை போடாத போலீஸ்காரர்களுக்கு அது பிடித்துப்போனது. 1950-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஐந்து தோட்டாவில் இன்னும் சின்னதாக ஒன்றை, கொலராடோவில் நடந்த போலீஸ் தலைமை அதிகாரிகள் மாநாட்டில் காட்டியது. அதனாலேயே அதற்குச் சீஃப்ஸ் ஸ்பெஷல் என்று பெயர், 1957-இலிருந்து மாடல் 36. எஸ்.கே. வைத்திருக்கும் 642 அந்தக் குடும்பத்துப் பேரப்பிள்ளைதான்.

கோல்டும் ஸ்மித்தும் பக்கத்தில் பக்கத்தில் கிடைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். கோல்ட் சிலிண்டரைத் திறக்கத் தாழ்ப்பாளைப் பின்னுக்கு இழுக்க வேண்டும், ஸ்மித்தில் முன்னுக்குத் தள்ள வேண்டும். பின்னாலிருந்து பார்த்தால் கோல்ட் சிலிண்டர் கடிகாரச் சுற்றாகப் போகும், ஸ்மித் எதிர்ச்சுற்று.

ஓய்வுபெற்ற ஆசிரியர், ஃபீனிக்ஸ்:
வயது 67. குடியுரிமை வாங்கி இருபது வருடம் ஆகிறது. இத்தனை வயதில் ஆரம்பித்திருக்கிறேன். கண்ணாடி போட்டால் இலக்கு தெளிவு, முன் சைட் மங்கல். கழற்றினால் நேர்மாறு. கையும் லேசாக நடுங்குகிறது. நிறுத்திவிடச் சொல்கிறாள் மகள்.

ஐயா, நிறுத்த வேண்டிய காரணம் இதில் எதுவும் இல்லை. இலக்கு மங்கலாக இருக்கலாம், இருக்கவும் வேண்டும். தெளிவாகத் தெரிய வேண்டியது முன் சைட் மட்டும்தான். இளைஞர்களின் கண்ணும் ரெண்டையும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்காது. கண் மருத்துவரிடம் போகும்போது, கையை நீட்டிப் பிடித்தால் கண்ணிலிருந்து முன் சைட் வரை எத்தனை அங்குலம் என்று வீட்டில் யாரையாவது டேப் வைத்து அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தத் தூரத்துக்கு ஒரு கண்ணாடி போட்டுத் தரச் சொல்லி, அதையே பாதுகாப்புக் கண்ணாடி வில்லையில் செய்துகொள்ளுங்கள். இன்னொரு சின்ன வேலை: முன் சைட்டின் பின்பக்கத்தை, துப்பாக்கி காலியாக இருக்கும்போது, எண்ணெய்ப் பசை போகத் துடைத்துவிட்டு, முதலில் வெள்ளை, காய்ந்ததும் அதன் மேல் ஆரஞ்சு நெயில் பாலிஷ் பூசுங்கள். மகளிடமே வாங்கிக்கொள்ளலாம். வெள்ளை அடியில் இல்லாவிட்டால் ஆரஞ்சு பளிச்சென்று தெரியாது.

நடுக்கம் எல்லோருக்கும் உண்டு. சைட் இலக்கின் மேல் மெதுவாக எட்டுப் போடுகிற மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும், அதை நிறுத்தப் பார்க்காதீர்கள், அது சுற்றட்டும். சரியான நொடி வந்துவிட்டது என்று ட்ரிகரைப் பறிக்கும்போதுதான் குண்டு இலக்கை விட்டு வெளியே போகிறது. சைட் சுற்றிக்கொண்டிருக்கையிலேயே விரல் தன் வேலையை மெதுவாகச் செய்துகொண்டிருந்தால், 5 கஜத்தில் அந்தச் சுற்றலின் அளவு ஒரு லட்டு அளவுகூட வராது. முதல் நாள் ஐந்து ஐந்தாக நாலு சுற்று, இருபது தோட்டா, போதும். சுற்றுக்கு நடுவே துப்பாக்கியைக் காலி செய்து மேஜையில் வைத்துவிட்டு ரெண்டு நிமிடம் உட்காருங்கள். தாளை எடுத்து அதிலேயே தேதியும் தூரமும் எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து முதல் தாளையும் கடைசித் தாளையும் படம் எடுத்து அனுப்புங்கள், மகளுக்கும் காட்டுங்கள்.